சி.ஹெச். முஹம்மது கோயா: சபாநாயகர் நாற்காலியிலிருந்து வகுப்பறை வரை

1961ஆம் ஆண்டு ஜூன் மாதம். திருவனந்தபுரத்தில் கேரள சட்டமன்றத்தின் சபாநாயகர் நாற்காலி காலியாக இருந்தது. அந்தப் பதவியில் இருந்த கே.எம். சீதி சாஹிப் அவர்கள் ஏப்ரல் 17ஆம் தேதி வஃபாத்தாகிவிட்டார்கள். அவருக்குப் பதிலாக முஸ்லிம் லீக் முன்மொழிந்த பெயர் சி.ஹெச். முஹம்மது கோயா. அவருக்கு அப்போது 34 வயதுகூட நிரம்பவில்லை. கூட்டணியில் இருந்த காங்கிரஸ் ஒரு நிபந்தனை வைத்தது. முஸ்லிம் லீக்கின் உறுப்பினர் பொறுப்பிலிருந்து விலகினால்தான் அவரை ஆதரிப்போம் என்பதே அந்த நிபந்தனை.

அவர் விலகினார். ஜூன் 9ஆம் தேதி சபாநாயகராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். மக்கள் எந்தக் கட்சியின் பெயரால் அவரைச் சட்டமன்றத்துக்கு அனுப்பினார்களோ, அந்தக் கட்சியின் பெயர் இல்லாமல்தான் அந்த நாற்காலியில் அமர வேண்டியிருந்தது. பதினெட்டு ஆண்டுகளுக்குப் பிறகு அதே சி.ஹெச்., அதே முஸ்லிம் லீக்கின் தலைவராகவே, அதே மாநிலத்தின் முதலமைச்சராகப் பதவியேற்றார். இடைப்பட்ட காலத்தில் என்ன நடந்தது, அந்தப் பதவிகளை வைத்து அவர் சமுதாயத்துக்கு எதைச் சம்பாதித்துக் கொடுத்தார் என்பதை நம் பிள்ளைகள் அறிய வேண்டும்.

மலபாரில் ஒரு முஸ்லியாரின் மகன்

கோழிக்கோட்டுக்கு அருகில் உள்ள அத்தோளி என்ற கிராமத்தில் 1927ஆம் ஆண்டு ஜூலை 15ஆம் தேதி சி.ஹெச். பிறந்தார். தந்தை அலி முஸ்லியார், மார்க்கக் கல்வி கற்றவர். தாயார் மரியும்மா.

அன்றைய மலபார் இன்றைய கேரளம் அல்ல. அது சென்னை மாகாணத்தின் ஒரு மாவட்டம். மலபார் மக்களின் பிரதிநிதிகள் சென்னைக்குத்தான் வந்து சட்டமன்றத்தில் அமர்ந்தார்கள். மலபார் கல்லூரிகளும் சென்னைப் பல்கலைக்கழகத்தோடுதான் இணைந்திருந்தன. 1956 நவம்பர் 1ஆம் தேதி கேரள மாநிலம் உருவான பிறகே இந்த உறவு முடிந்தது.

சி.ஹெச். பிறப்பதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன்புதான், 1921இல், மலபார் கிளர்ச்சி நடந்தது. அதை ஆங்கிலேய அரசு கடுமையாக ஒடுக்கியது. மாப்பிள்ளை முஸ்லிம்களில் ஆயிரக்கணக்கானவர்கள் சிறைப்பட்டார்கள். பலர் அந்தமானுக்கு நாடு கடத்தப்பட்டார்கள். ஆங்கிலேயர்மீது இருந்த வெறுப்பு, அவர்கள் நடத்திய பள்ளிக்கூடத்தின்மீதும் படிந்தது. பிள்ளைகள் மதரசாவில் ஓதினார்கள். பள்ளிக்கூடத்துக்குப் போனவர்கள் குறைவு. பெண் பிள்ளைகள் அதிலும் குறைவு. வக்கம் மௌலவி, சீதி சாஹிப் போன்ற சீர்திருத்தவாதிகள் கல்வியின் அவசியத்தை ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. மௌலானா அபுஸ்ஸபாஹ் அஹ்மத் அலி அவர்களின் முயற்சியில் 1948இல் ஃபாரூக் கல்லூரி தொடங்கியபோது, மலபார் முஸ்லிம்களுக்கு அது பெரிய விடியலாகத் தெரிந்தது.

இந்தச் சூழலில்தான் அத்தோளி சிறுவன் கொயிலாண்டிப் பள்ளியிலும், பிறகு கோழிக்கோடு சாமூதிரி கல்லூரியிலும் படித்தார். மாணவப் பருவத்திலேயே மேடைப் பேச்சில் பெயர் வாங்கினார். அந்தப் பேச்சுதான் அவரை முஸ்லிம் லீக் தலைவர்களின் கண்ணில் படவைத்தது.

பேனாவிலிருந்து அரசியலுக்கு

தலச்சேரியில் 1934இல் தொடங்கி, பின்னர் கோழிக்கோட்டுக்கு இடம் மாறிய பத்திரிகை ‘சந்திரிகா’. முஸ்லிம் லீக்கின் குரலாக விளங்கிய அந்த நாளிதழில் சி.ஹெச். துணை ஆசிரியராகச் சேர்ந்தார். சில ஆண்டுகளிலேயே, இருபதுகளின் தொடக்க வயதில், அதன் ஆசிரியரானார்.

அது முஸ்லிம் லீக்குக்கு மிகவும் சோதனையான காலம். நாட்டுப் பிரிவினைக்குப் பிறகு, இந்தியாவில் இனி முஸ்லிம் லீக் என்ற பெயரே வேண்டாம் என்று பலர் சொன்னார்கள். கட்சியில் இருந்த பெரிய மனிதர்களே பலர் ஒதுங்கிக்கொண்டார்கள். 1948 மார்ச் 10ஆம் தேதி சென்னை ராஜாஜி மண்டபத்தில் கூடிய கூட்டத்தில்தான், காயிதே மில்லத் முஹம்மது இஸ்மாயில் சாஹிப் அவர்களின் தலைமையில் இந்திய யூனியன் முஸ்லிம் லீக் உருவெடுத்தது. தமிழகத்திலும் மலபாரிலும் மட்டுமே அந்தக் கொடி உறுதியாகப் பறந்தது. மலபாரில் அதைத் தாங்கிப் பிடித்தவர்கள் அப்துர் ரஹ்மான் பாஃபகி தங்ஙளும் சீதி சாஹிபும். அவர்கள் வளர்த்தெடுத்த இளைஞர்தான் சி.ஹெச்.

எழுத்தும் பேச்சும் அவருக்கு இரு கைகள் போல. பயண நூல்கள் எழுதினார். தமது ஹஜ் பயணத்தையும் நூலாக்கினார். மேடையில் நகைச்சுவை கலந்து பேசுவார். அவர் பேச்சைக் கேட்க எதிர்க்கட்சிக்காரர்களும் கூட்டத்துக்கு வருவார்கள் என்று அந்தத் தலைமுறை இன்றும் நினைவுகூர்கிறது. கோழிக்கோடு நகராட்சியிலும் உறுப்பினராக இருந்து மக்கள் பணியின் முதல் பாடத்தைக் கற்றார்.

தானூர் தந்த முதல் வெற்றி

1957இல் கேரளத்தின் முதல் சட்டமன்றத் தேர்தல். தானூர் தொகுதியில் முஸ்லிம் லீக் வேட்பாளராக நின்று சி.ஹெச். வென்றார். வயது 29. அந்தத் தேர்தலில் லீக்குக்கு மொத்தம் 8 இடங்கள் கிடைத்தன. இ.எம்.எஸ். நம்பூதிரிபாட் தலைமையில் கம்யூனிஸ்ட் அரசு அமைந்தது.

அந்த அரசின் கல்விச் சட்டத்தையும் பிற நடவடிக்கைகளையும் எதிர்த்து, கிறிஸ்தவ சபைகளும் நாயர் அமைப்பும் காங்கிரஸும் பெரும் போராட்டம் நடத்தின. முஸ்லிம் லீக்கும் அதில் பங்கேற்றது. 1959 ஜூலை 31ஆம் தேதி மத்திய அரசு அந்த ஆட்சியைக் கலைத்தது. 1960 தேர்தலில் காங்கிரஸ், பிரஜா சோஷலிஸ்ட் கட்சி, முஸ்லிம் லீக் மூன்றும் ஓரணியாக நின்றன. லீக் 11 இடங்களை வென்றது. சி.ஹெச். மீண்டும் தானூரில் வென்றார்.

வெற்றி பெற்ற பிறகுதான் கசப்பான அனுபவம் காத்திருந்தது. பட்டம் தாணு பிள்ளை தலைமையில் அமைந்த அமைச்சரவையில் லீக்குக்கு இடம் தரக் காங்கிரஸ் சம்மதிக்கவில்லை. வகுப்புவாதக் கட்சியோடு அமைச்சரவையைப் பகிர்ந்துகொண்டோம் என்று நாட்டின் பிற பகுதிகளில் பேச்சு வரக்கூடாதே என்ற தயக்கம். ஓட்டுக்கு லீக் வேண்டும், அமைச்சரவைக்கு வேண்டாம். சமாதானமாக சபாநாயகர் பதவி தரப்பட்டது. சீதி சாஹிப் அதை ஏற்றார். அவரது மறைவுக்குப் பிறகு சி.ஹெச்.சிடம் வைக்கப்பட்ட நிபந்தனையைத்தான் தொடக்கத்தில் பார்த்தோம்.

கேரள சட்டமன்ற வரலாற்றில் மிக இளம் வயதில் சபாநாயகரானவர் என்ற பெயர் அவருக்குக் கிடைத்தது. ஆனால் அந்தப் பெருமையில் அவர் அதிக நாள் அமர்ந்திருக்கவில்லை. காங்கிரஸுக்கும் லீக்குக்கும் இடையில் உறவு முறிந்ததும், 1961 நவம்பர் 10ஆம் தேதி பதவியை ராஜினாமா செய்துவிட்டு வெளியே வந்தார். ஐந்து மாதங்கள். மரியாதை இல்லாத இடத்தில் பதவி இருந்தாலும் பயனில்லை என்ற பாடத்தை லீக் அந்த ஐந்து மாதத்தில் நன்றாகக் கற்றுக்கொண்டது.

1962 மக்களவைத் தேர்தலில் லீக் தனித்து நின்றது. இரண்டு இடங்களில் வென்றது. மஞ்சேரியில் காயிதே மில்லத், கோழிக்கோட்டில் சி.ஹெச். தமிழகத்தின் மூத்த தலைவரும் மலபாரின் இளந்தலைவரும் டெல்லியில் ஐந்து ஆண்டுகள் ஒன்றாகச் சமுதாயத்தின் குரலாக இருந்தார்கள்.

கல்வித் துறையைக் கேட்டு வாங்கிய கட்சி

1967 தேர்தல் கேரள அரசியலைப் புரட்டிப் போட்டது. எந்த இ.எம்.எஸ். அரசை எதிர்த்து லீக் போராடியதோ, அதே இ.எம்.எஸ்.ஸோடு இப்போது ஏழு கட்சிக் கூட்டணியில் லீக் இருந்தது. காங்கிரஸ் வெறும் 9 இடங்களுக்குச் சுருங்கியது. லீக் 14 இடங்களை வென்றது. மங்கடா தொகுதியில் வென்ற சி.ஹெச்., 1967 மார்ச் 6ஆம் தேதி கல்வி அமைச்சராகப் பதவியேற்றார். அவரோடு எம்.பி.எம். அஹமது குரிக்களும் அமைச்சரானார். சுதந்திர இந்தியாவில் முஸ்லிம் லீக்கைச் சேர்ந்தவர்கள் அமைச்சர்களாவது அதுவே முதல் முறை.

அமைச்சர் பதவி என்றால் பணமும் செல்வாக்கும் உள்ள துறைகள் எத்தனையோ உண்டு. கல்வித் துறையை லீக் ஏன் இவ்வளவு முக்கியமாகக் கருதியது? அதைப் புரிந்துகொள்ளக் கேரளப் பள்ளிகள் நடக்கும் முறையைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

கேரளத்தில் பள்ளிகளில் பெரும்பகுதி தனியார் நிர்வாகத்தில் அரசு உதவியோடு நடப்பவை. கட்டடம் நிர்வாகத்துடையது, ஆசிரியர் சம்பளம் அரசுடையது. அரசு அனுமதி இல்லாமல் அப்படி ஒரு பள்ளியைத் திறக்க முடியாது. தொடக்கப் பள்ளியை உயர்நிலைப் பள்ளியாக உயர்த்தவும் அனுமதி வேண்டும். எந்த ஊரில் பள்ளி வேண்டும், எந்தப் பள்ளி தரம் உயர வேண்டும், எந்தப் பாடத்துக்கு எத்தனை ஆசிரியர் என்ற முடிவுகள் எல்லாம் கல்வித் துறையின் கோப்புகளில்தான் இருந்தன. திருவிதாங்கூர், கொச்சி பகுதிகளில் மன்னராட்சிக் காலத்திலேயே பள்ளிகளும் கல்லூரிகளும் ஏராளமாக வந்துவிட்டன. மலபாரின் உள்நாட்டுக் கிராமங்களில் ஐந்தாம் வகுப்புக்கு மேல் படிக்க வேண்டுமானால் பிள்ளை பல மைல் நடக்க வேண்டும். பெண் பிள்ளையை அவ்வளவு தூரம் யார் அனுப்புவார்கள்?

அந்தத் தூரத்தைக் குறைப்பதுதான் சி.ஹெச்.சின் வேலையாயிற்று. அவர் காலத்தில் மலபாரில் புதிய பள்ளிகள் வந்தன, இருந்த பள்ளிகள் தரம் உயர்ந்தன. அரபி ஆசிரியர்களுக்குப் பள்ளிகளில் முறையான இடமும் மதிப்பும் கிடைத்தன. இதில் ஒரு நுட்பம் இருந்தது. பள்ளிக்கூடம் போனால் பிள்ளை தீனை மறந்துவிடும் என்று அஞ்சிய பெற்றோருக்கு, அதே பள்ளியில் அரபி ஆசிரியர் ஒருவர் இருக்கிறார் என்பது பெரிய ஆறுதல். அந்த ஆறுதலை நம்பி ஆண் பிள்ளைகளோடு பெண் பிள்ளைகளும் பள்ளிக்கு வந்தார்கள். அரபி வகுப்பு, கணக்கு வகுப்புக்கும் அறிவியல் வகுப்புக்கும் வாசலாயிற்று. அரபி படித்தவர்களுக்கு, ஆண்களுக்கும் பெண்களுக்கும், அரசுச் சம்பளத்தோடு ஆசிரியர் வேலையும் கிடைத்தது. சம்பளம் வாங்கும் ஓர் ஆசிரியை ஒரு கிராமத்தில் இருந்தால், அந்தத் தெருவின் தாய்மார்கள் தங்கள் மகளைப் பற்றி வேறு விதமாக நினைக்கத் தொடங்குவார்கள் அல்லவா?

இதை மற்றவர்கள் விமர்சிக்காமல் இல்லை. தம் சமுதாயத்துக்கு மட்டும் செய்கிறார் என்று குற்றம் சாட்டினார்கள். ஆனால் பின்தங்கிய வட்டாரத்தில் திறக்கப்பட்ட பள்ளியில் எல்லாச் சமுதாயத்துப் பிள்ளைகளும்தான் படித்தார்கள்.

பல்கலைக்கழகமும் மாவட்டமும்

மலபார் கல்லூரிகள், மாநிலம் உருவான பிறகு, திருவனந்தபுரத்தில் இருந்த கேரளப் பல்கலைக்கழகத்தின் கீழ் வந்தன. ஒரு சான்றிதழுக்காகவும் மலபார் மாணவன் மாநிலத்தின் மறுகோடிக்குப் போக வேண்டிய நிலை. 1968இல் கோழிக்கோடு பல்கலைக்கழகம் பிறந்தது. திருச்சூர், பாலக்காடு, கோழிக்கோடு, கண்ணூர் மாவட்டங்களின் கல்லூரிகள் அதன்கீழ் வந்தன. வளாகம் அமைந்த இடம் தேஞ்ஞிப்பாலம் என்ற கிராமப்புறம். கல்வி அமைச்சராக சி.ஹெச். அதன் பின்னணியில் நின்றார். 1971இல் கொச்சிப் பல்கலைக்கழகம் தொடங்கியபோதும் கல்வித் துறை அவரிடமே இருந்தது. முஸ்லிம்கள் பெரும்பான்மை இல்லாத கொச்சிக்கும் அவர் காலத்தில்தான் பல்கலைக்கழகம் வந்தது என்பதை அவர்மீது குறை சொன்னவர்கள் பெரும்பாலும் சொல்வதில்லை.

1969 ஜூன் 16ஆம் தேதி மலப்புரம் மாவட்டம் உருவானது. கோழிக்கோடு, பாலக்காடு மாவட்டங்களின் பின்தங்கிய வட்டங்களைப் பிரித்து இ.எம்.எஸ். அரசு அதை அமைத்தது. லீக்கின் நெடுநாள் கோரிக்கை அது. எதிர்ப்பும் பலமாக எழுந்தது. ஜனசங்கம் எதிர்த்தது. மதிப்புக்குரிய காந்தியவாதியான கே. கேளப்பன்கூட எதிர்த்தார். நாட்டுக்குள் இன்னொரு பாகிஸ்தானை உருவாக்குகிறார்கள் என்ற பிரச்சாரம் நடந்தது. அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகிவிட்டது. மலப்புரம் இன்று கேரளத்தின் மற்ற மாவட்டங்களைப் போல ஒரு மாவட்டம். ஆட்சியர் அலுவலகமும் மருத்துவமனையும் மக்களுக்குப் பக்கத்தில் வந்தன; அஞ்சியது எதுவும் நடக்கவில்லை.

உள்துறையும் அதன் சுமையும்

1969 நவம்பரில் சி. அச்சுத மேனன் அமைச்சரவை அமைந்தபோது கல்வியோடு உள்துறையும் சி.ஹெச்.சிடம் வந்தது. சுதந்திரத்துக்குப் பிறகு தேசபக்தியையே சந்தேகித்த ஒரு கட்சியின் தலைவரிடம் ஒரு மாநிலத்தின் காவல்துறை ஒப்படைக்கப்பட்டது. 1971 செப்டம்பரில் காங்கிரஸ் அமைச்சரவையில் சேர்ந்து கே. கருணாகரன் உள்துறையை ஏற்கும்வரை அந்தப் பொறுப்பு அவரிடம் இருந்தது.

அந்தக் காலத்தில் ஒரு கறையும் உண்டு. 1970 பிப்ரவரியில் வயநாட்டுக் காட்டில் நக்சலைட் தலைவர் வர்கீஸ் போலீஸாரோடு நடந்த மோதலில் இறந்ததாக அறிவிக்கப்பட்டது. பல ஆண்டுகளுக்குப் பிறகு, அவரைச் சுட்ட காவலரே அது மோதல் அல்ல என்று வெளிப்படுத்தினார். 2010இல் ஓய்வுபெற்ற உயர் போலீஸ் அதிகாரி ஒருவர் தண்டிக்கப்பட்டார். குற்றம் நிரூபிக்கப்பட்டது போலீஸ் அதிகாரியின்மீதுதான். இருந்தாலும், அந்தத் துறை அப்போது சி.ஹெச்.சின் பொறுப்பில் இருந்தது என்பதை அவரை நேசிப்பவர்களும் மறைக்கத் தேவையில்லை. அதிகாரம் அமானிதம் என்று சொல்கிறோம். நாம் அறியாமல் நம் பொறுப்பின்கீழ் நடந்ததும் அந்தக் கணக்கில் வரும்.

இரண்டு மரணங்களும் ஒரு பிளவும்

1972 ஏப்ரல் 5ஆம் தேதி காயிதே மில்லத் சென்னையில் வஃபாத்தானார்கள். தொடர்ந்து மூன்று முறை அவரை மக்களவைக்கு அனுப்பிய மஞ்சேரித் தொகுதி காலியானது. அடுத்த ஆண்டு ஜனவரியில், ஹஜ்ஜுக்குச் சென்றிருந்த பாஃபகி தங்ஙள் மக்காவில் வஃபாத்தானார்கள். ஒன்பது மாத இடைவெளியில் கட்சி தன் இரு தூண்களையும் இழந்தது.

மஞ்சேரிக்கு யார்? சி.ஹெச். தம் அமைச்சர் பதவியை 1973 மார்ச்சில் விட்டுவிட்டு, காயிதே மில்லத்தின் தொகுதியில் நின்று வென்று டெல்லிக்குப் போனார். மாநில அமைச்சர் பதவியை விட்டு, எதிர்க்கட்சி வரிசையில் ஒரு சாதாரண உறுப்பினராக அமரப் போவது எல்லோரும் செய்யும் காரியம் அல்ல.

அதன்பின் கட்சி பிளந்தது. 1970களின் நடுவில் ஒரு பிரிவினர் வெளியேறி அகில இந்திய முஸ்லிம் லீக் என்ற பெயரில் தனிக் கட்சி கண்டார்கள். நெருக்கடி நிலையில் சி.ஹெச்.சின் கட்சி கேரளத்தின் ஆளும் கூட்டணியில் இருந்தது. எதிர்ப் பிரிவின் தலைவர்கள் சிறையில் இருந்தார்கள். ஒரே பள்ளிவாசலில் தொழுதவர்கள் முகம் கொடுத்துப் பேசாத நிலை ஊர்களில் உண்டாயிற்று. அந்தப் பிளவு 1985இல்தான் ஆறியது. அதைப் பார்க்க சி.ஹெச். உயிரோடு இல்லை.

பதவியைப் பறித்த பத்திரிகை, திருப்பித் தந்த தீர்ப்பு

1977இல் மலப்புரம் தொகுதியிலிருந்து மீண்டும் சட்டமன்றத்துக்கு வந்தார் சி.ஹெச். முதலில் கருணாகரன், பிறகு ஏ.கே. அந்தோணி என முதல்வர்கள் மாறினாலும் கல்வி அமைச்சராக அவரே தொடர்ந்தார். அப்போது எதிர்பாராத ஒரு வழக்கு வந்தது. எதிர்ப் பிரிவு லீக்கின் சார்பில் அவரை எதிர்த்து நின்ற வேட்பாளர், தேர்தல் செல்லாது என்று உயர் நீதிமன்றம் போனார். தேர்தல் காலத்தில் ‘சந்திரிகா’வில் வந்த கட்டுரைகளும் கார்ட்டூன்களும் சட்டத்துக்குப் புறம்பானவை, அதன் தலைமை ஆசிரியர் சி.ஹெச்., ஆகவே அவரே பொறுப்பு என்பது வாதம். உயர் நீதிமன்றம் அதை ஏற்று அவரது வெற்றியை ரத்து செய்தது.

அவரை வளர்த்த பத்திரிகையே அவர் பதவியைப் பறித்தது போலாயிற்று. அமைச்சரவையிலிருந்து விலகினார். அவருக்குப் பதிலாக யு.ஏ. பீரான் கல்வி அமைச்சரானார். உச்ச நீதிமன்றத்தில் மேல்முறையீடு நடந்தது. பத்திரிகைச் சட்டப்படி அதில் ஆசிரியர் என்று அச்சிடப்பட்டிருந்தவர் வேறொருவர், சி.ஹெச். தலைமை ஆசிரியர் என்ற பெயரை மட்டும் தாங்கியிருந்தார். என்ன வெளியிடுவது என்ற அன்றாட முடிவுகளில் அவருக்குப் பங்கு இருந்ததாக நிரூபிக்கப்படவில்லை என்று 1978 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அக்டோபரில் மீண்டும் கல்வி அமைச்சரானார். பத்திரிகைகளின் பொறுப்பு யாருடையது என்ற கேள்வி நீதிமன்றத்தில் எழும்போது அந்தத் தீர்ப்பு பின்னாளிலும் மேற்கோள் காட்டப்படுகிறது.

முதலமைச்சர்

1979 அக்டோபரில் பி.கே. வாசுதேவன் நாயர் அமைச்சரவை விலகியது. இடதுசாரிகள் ஒரே அணியாகச் சேர வழிவிட்டே அவரது கட்சி ஆட்சியைத் துறந்தது. மாநிலம் குழப்பத்தில் இருந்தது. அந்த நேரத்தில் சிறிய கட்சியான முஸ்லிம் லீக்கின் தலைவர், மற்ற கட்சிகளின் ஆதரவோடு அக்டோபர் 12ஆம் தேதி முதலமைச்சராகப் பதவியேற்றார். முஸ்லிம் லீக்கிலிருந்து இந்தியாவின் ஒரு மாநிலத்துக்கு முதலமைச்சரானவர் அவர் ஒருவரே. இன்றுவரை வேறு யாரும் இல்லை.

ஆட்சி இரண்டு மாதம்கூட நீடிக்கவில்லை. நிலச் சீர்திருத்தச் சட்டத்தில் அன்பளிப்பு நிலங்கள் தொடர்பான திருத்தம் அவரது ஆட்சியின் முக்கியச் சட்டமாக நிறைவேறியது. ஆதரவு தந்த கட்சிகள் ஒவ்வொன்றாக விலகியதும், டிசம்பர் 1ஆம் தேதி ராஜினாமா செய்தார். சில நாட்களில் குடியரசுத் தலைவர் ஆட்சி வந்தது.

குறுகிய கால முதல்வர் என்று சிலர் இதைக் குறைத்துப் பேசுவதுண்டு. ஆனால் 1961இல் கட்சியை விட்டு வந்தால்தான் நாற்காலி என்று சொன்ன அதே சபையில், 1979இல் கட்சிக் கொடியோடே முதலமைச்சர் நாற்காலி கிடைத்தது. அந்த மாற்றம் நாட்கணக்கில் அளக்கக் கூடியதல்ல.

எதிர்க்கட்சி வரிசையில்

1980 தேர்தலில் மலப்புரத்தில் வென்றாலும் இம்முறை எதிர்க்கட்சி வரிசை. புதிய இடதுசாரி அரசு, பள்ளிகளில் அரபி, உருது, சமஸ்கிருத ஆசிரியர் பணியிடங்களுக்குப் புதிய நிபந்தனைகள் விதித்து ஆணை பிறப்பித்தது. தனி வகுப்பறை வசதி, ஆசிரியரின் தகுதி, பெற்றோரின் எழுத்து மூலமான உறுதி என்று வந்த அந்த நிபந்தனைகள் நடைமுறையில் அரபிப் படிப்பையே சுருக்கிவிடும் என்று சமுதாயம் அஞ்சியது. 1980 ஜூலை 30ஆம் தேதி மலப்புரத்தில் முஸ்லிம் இளைஞர் லீக் நடத்திய போராட்டத்தில் போலீஸ் துப்பாக்கிச் சூடு நடந்து மூன்று இளைஞர்கள் உயிரிழந்தார்கள். அது ரமலான் மாதம். சட்டமன்றத்தின் உள்ளே சி.ஹெச்.சும் அவரது தோழர்களும் அந்தப் பிரச்சினையை எழுப்பினார்கள். இறுதியில் அரசு பின்வாங்கியது. ஆளுங்கட்சியில் இருந்து கட்டியதை எதிர்க்கட்சியில் இருந்து காப்பாற்ற வேண்டிய கட்டாயம். இரண்டும் சட்டமன்ற உறுப்பினரின் வேலைதான்.

1981 டிசம்பரில் கருணாகரன் அமைச்சரவையில் துணை முதலமைச்சரானார். சபாநாயகரின் ஓட்டை நம்பி நின்ற அந்த அரசு மூன்று மாதத்தில் கவிழ்ந்தது. 1982 மே மாதம் அமைந்த அடுத்த கருணாகரன் அரசிலும் துணை முதலமைச்சர் பதவியோடு பொதுப்பணித் துறையை ஏற்றார். ஒருமுறை முதலமைச்சராக இருந்தவர் பிறகு துணை முதலமைச்சராக அமரத் தயங்குவார். அவர் தயங்கவில்லை.

1983 செப்டம்பர் 28ஆம் தேதி, ஹைதராபாத் சென்றிருந்தபோது சி.ஹெச். வஃபாத்தானார். வயது 56. இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். அவரது மகன் எம்.கே. முனீர் பின்னாளில் கேரள அமைச்சராகப் பணியாற்றினார்.

விட்டுச் சென்றது என்ன?

1991 ஏப்ரல் 18ஆம் தேதி கோழிக்கோடு மானாஞ்சிறை மைதானத்தில் கேரளம் முழு எழுத்தறிவு பெற்ற மாநிலமாக அறிவிக்கப்பட்டது. அந்த அறிவிப்பைச் செய்ய மேடை ஏறியவர் முதலமைச்சர் அல்ல. செலக்கோடன் ஆயிஷா என்ற மலப்புரம் மாவட்டத்து மூதாட்டி. முதிய வயதில்தான் எழுத்தறிவு இயக்கத்தின் வகுப்பில் எழுதப் படிக்கக் கற்றவர் அவர்.

அந்த நாளின் பெருமை எழுத்தறிவு இயக்கத்தின் ஆயிரக்கணக்கான தொண்டர்களுக்கு உரியது. ஆயினும் ஆயிஷா உம்மாவின் தலைமுறைக்கு, சிறுமியாக இருந்தபோது பள்ளிக்கூடம் எட்டாத தூரத்தில் இருந்தது. அவரது பேத்திகளின் தலைமுறைக்கு அது தெருமுனைக்கு வந்துவிட்டது. முதுமையில் எழுத்துக் கற்பதற்கும் ஆறு வயதில் கற்பதற்கும் இடையில் இருக்கும் வித்தியாசம்தான் சி.ஹெச். போன்றவர்கள் சட்டமன்றத்தில் செலவிட்ட ஆண்டுகளின் பொருள்.

இன்று கேரளத்தின் அரசு மருத்துவமனைகளை ஒட்டி ‘சி.ஹெச். சென்டர்’ என்ற பெயரில் தொண்டு நிலையங்கள் இயங்குகின்றன. ஏழை நோயாளிகளுக்கும் உடனிருப்போருக்கும் உணவும் உதவியும் தருகின்றன, மதம் கேட்பதில்லை.

நம் வீடுகளில் தேர்தல் வந்தால் எத்தனை இடம், எந்தக் கூட்டணி என்றுதான் பேசுகிறோம். வென்றவர் எந்தத் துறையைக் கேட்டார், எந்தக் கோப்பில் கையெழுத்திட்டார், அதனால் எந்த ஊரில் எந்தப் பிள்ளை பள்ளிக்குப் போனது என்று கேட்பதில்லை. சி.ஹெச்.சின் வாழ்க்கை அந்தக் கேள்வியைக் கேட்கச் சொல்கிறது. எண்ணிக்கையில் சிறிய ஒரு கட்சி, தனக்குக் கிடைத்த பதவியை வகுப்பறைகளாக மாற்ற முடியும் என்பதற்கு அவர் சாட்சி.

எல்லாம் வல்ல அல்லாஹ் அவரது பிழைகளைப் பொறுத்து, நற்பணிகளை ஏற்று, கப்ரை விசாலமாக்குவானாக. ஆமீன்.